1863-இல் நிறுத்தி வைத்த வீடுகள்: போர்க்களத்துப் பண்ணைகளை ஏன், எப்படிக் காக்கிறார்கள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊருக்குத் தெற்கே, ட்ராஸ்டில் பண்ணையின் களஞ்சியம் நிற்கிறது. செங்கல் சுவர். உள்ளே காற்று போய்வருவதற்காகக் கற்களை விட்டுவிட்டு அடுக்கி, வைர வடிவத்தில் துளைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு வைரத்துக்குக் கொஞ்சம் கீழே, எந்த வரிசையிலும் சேராமல் ஒரு வட்ட ஓட்டை தெரியும். அது கொத்தனார் வைத்தது இல்லை. 1863 ஜூலையில் ஒரு பீரங்கிக் குண்டு போட்டது.

நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு செங்கல்லும் ஒரு சட்டிக் கலவையும் இருந்தால் அரை மணி நேரத்தில் அடைத்துவிடலாம். ஆனால் அந்தச் சுவரைப் பழுதுபார்க்கிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அந்த ஓட்டையை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறார்கள். பழைய போர்க்களத்தில் பண்ணைவீடுகளைப் பாதுகாப்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த ஓட்டையிலிருந்து தொடங்குவது நல்லது. எதைச் சரிசெய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் போரைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை வைத்திருந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனி அரசு அமைத்தன. அதை எதிர்த்து, வட மாநிலங்களின் பக்கமிருந்து ஒன்றியப் படை போரிட்டது. 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் இரண்டு பெரும் படைகளும் மோதின. தென் படைக்கு ராபர்ட் லீ, ஒன்றியப் படைக்கு ஜார்ஜ் மீட். மூன்று நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர். ஊரின் மக்கள்தொகை அப்போது 2,400 அளவில்தான். அந்த ஊரைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டு வரவில்லை. பத்துச் சாலைகள் வந்து கூடுகிற இடம் என்பதால் படைகள் அங்கே வந்து முட்டிக்கொண்டன.

சரி, சண்டை நடந்தது எங்கே? 'போர்க்களம்' என்றதும் நம் மனதில் ஒரு வெட்டவெளி வரும். குருக்ஷேத்திரம் மாதிரி, இரண்டு படையும் எதிரெதிரே நிற்க இடம் ஒதுக்கிய ஒரு மைதானம். கெட்டிஸ்பர்க்கில் அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். கோதுமை அறுவடைக்கு நின்றுகொண்டிருந்த ஜூலை மாதம். 'கோதுமை வயல்', 'பீச் தோப்பு' என்று இன்று வரலாற்று நூல்களில் வரும் போர்முனைப் பெயர்கள் எல்லாம் யாரோ ஒரு குடும்பம் உழுது நட்டு வைத்த நிலங்கள். பீச் தோப்பு ஜோசப் ஷெர்ஃபி என்பவருடையது. கோதுமை வயல் இருந்தது ரோஸ் என்ற குடியானவரின் பண்ணையில்.

இந்தப் பண்ணைகளில் வீட்டை விடப் பெரியது களஞ்சியம்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் கடைசியில் அது திரும்ப வரும். நம்மூரில் மாட்டுக்குத் தொழுவம் தனி, வைக்கோல் போர் தனி, நெல்லடிக்கிற களம் தனி, தானியம் போடுகிற குதிர் தனி. பென்சில்வேனியாவில் ஜெர்மன் வழிவந்த குடியானவர்கள் இந்த நாலையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். குளிரும் பனியும் அங்கே அப்படி. சரிவான இடமாகப் பார்த்து, மேட்டுக்குள் ஒரு பக்கம் புதையும்படி களஞ்சியத்தைக் கட்டுவார்கள். கீழ்த்தளத்தில் மாடும் குதிரையும். மேல்தளத்தில் வைக்கோல், தானியம், கதிரடிக்கிற தளம். மேட்டுப் பக்கமாக மண்ணைக் கொட்டி ஒரு சரிவுப் பாதை போட்டிருப்பார்கள். பாரம் ஏற்றிய வண்டி அப்படியே மேல்தளத்துக்குள் போய்விடும். வைக்கோலைக் கீழே தள்ளினால் மாட்டுக்கு முன்னால் விழும். எனக்குத் தெரிந்து, ஒரு சரிவை இவ்வளவு புத்தியாகப் பயன்படுத்திய கட்டடம் குறைவு.

ஆனால் போர் வந்தபோது இதே கட்டடம் வேறொன்றாக மாறியது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய சுவர், துப்பாக்கி நீட்டத் தோதான காற்றுத் துளைகள். அதாவது, கோட்டை. சண்டை நகர்ந்த பிறகு, கூரையும் வைக்கோலும் இருக்கிறதே என்று, காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து போடுகிற இடம். கிணறு இருந்தால் தண்ணீர். வேலி இருந்தால் அடுப்புக்கு விறகு. வீடு இருந்தால் தளபதிக்கு அலுவலகம். ஒரு குடும்பம் வாழ்வதற்காகச் சேர்த்து வைத்த ஒவ்வொன்றும் படைக்குத் தேவைப்பட்டது.

லிடியா லீஸ்டர் என்ற கைம்பெண் 1861-இல்தான் அந்தச் சின்ன வீட்டை வாங்கியிருந்தார். மரத்தால் ஆனது, ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. ஒன்றியப் படையின் தளபதி மீட் அதைத் தன் தலைமையிடமாக எடுத்துக்கொண்டார். ஜூலை 2 இரவு, பின்வாங்குவதா, நின்று போரிடுவதா என்று முடிவுசெய்ய ஒரு டஜன் படைத்தலைவர்கள் அந்த வீட்டின் ஒரு சிறிய அறைக்குள் நெருக்கியடித்துக் கூடினார்கள். நிற்பது என்று முடிவானது. மறுநாள் தென் படையின் பீரங்கிகள் குறிதவறி உயரமாகச் சுட்டதில், குண்டுகள் இந்த வீட்டைச் சுற்றித்தான் வந்து விழுந்தன.

லிடியா பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது அவர் நிலத்தில் 17 குதிரைகள் செத்துக் கிடந்தன. ஊற்று நீர் நாறிப்போனதால் புதிதாகக் கிணறு தோண்ட வேண்டியிருந்தது. கோதுமை மிதிபட்டுப் போயிற்று, வேலி எரிந்துபோயிற்று. நன்றாகக் காய்த்த ஒரு பீச் மரத்தைச் சுற்றிக் குதிரைகளைப் போட்டு எரித்ததில் அந்த மரமும் பட்டுப்போனது. 1865-இல் அங்கே வந்த ஓர் எழுத்தாளரிடம் இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் குதிரைகளின் எலும்பைப் பொறுக்கி விற்றிருக்கிறார்: 750 பவுண்டு, நூறு பவுண்டுக்கு 50 சென்ட். கணக்குப் போட்டால் மூன்றே முக்கால் டாலர். அமெரிக்காவின் தலைவிதியைத் தீர்மானித்த கூட்டம் நடந்த வீட்டுக்குக் கிடைத்த வாடகை அவ்வளவுதான் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அரசு இழப்பீடு தரவில்லையா என்று கேட்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1864-இல் வந்த ஒரு சட்டப்படி, ஒன்றியப் படை தன் தேவைக்கு எடுத்துக்கொண்ட தானியம், வைக்கோல், மாடு போன்றவற்றுக்கு விசுவாசமான குடிமக்கள் பணம் கேட்கலாம். ஆனால் குண்டு விழுந்து கூரை உடைந்தால் அது போரின் சேதம். அதற்குப் பணம் கிடையாது. எதிரிப்படை எடுத்துப் போனதற்கும் கிடையாது. எந்தப் படைவீரன் எந்த மூட்டையை எடுத்தான் என்று ஒரு குடியானவர் எப்படி நிரூபிப்பார்? பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் சிக்கின. இன்று ஆய்வாளர்களுக்கு அந்த மனுக்கள் பொக்கிஷம். எத்தனை பன்றி, எத்தனை முழ வேலி, எத்தனை தேன்கூடு என்று ஒவ்வொரு பண்ணையும் தன் இழப்பை எழுதிவைத்திருக்கிறது. வீட்டை 1863-இல் இருந்தபடி திருப்பிக் கட்ட நினைக்கிறவர்களுக்கு அதுதான் கையேடு.

ஒன்றியப் படையின் வரிசை நின்ற மேட்டின் வடக்கு முனையில், 12 ஏக்கர் நிலத்தோடு, ஏப்ரகாம் பிரையன் என்பவரின் சிறிய வெள்ளை வீடு இருக்கிறது. அவர் அடிமை அல்லாத கறுப்பின விவசாயி. 1857-இல் அந்த நிலத்தை வாங்கினார். தென் படை வருகிறது என்று தெரிந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். வெள்ளை விவசாயிகள் குண்டுக்குப் பயந்து ஓடினார்கள். அவர் ஓடியதற்குக் காரணம் வேறு. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த தென் படையினர் சுதந்திரமாக இருந்த கறுப்பின மக்களையும் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 3-இல், பிக்கெட் தாக்குதல் என்று பெயர்பெற்ற தென் படையின் கடைசிப் பாய்ச்சல் வந்து நின்ற இடங்களில் அவர் வேலியும் ஒன்று. திரும்பி வந்து 1,028 டாலர் இழப்பு என்று மனுக் கொடுத்தார். கிடைத்தது 15 டாலர். வீட்டைத் தானே செப்பனிட்டுக்கொண்டு 1869 வரை அங்கே விவசாயம் செய்தார்.

பண்ணைவீடுகளை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இந்த வீடுதான். கெட்டிஸ்பர்க் நிலமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்களும் பலகைகளும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே படைப்பிரிவுகளுக்கும் தளபதிகளுக்கும் வைத்தவை. பிரையனுக்குச் சிலை இல்லை. அவர் வீடு இல்லாமல் போயிருந்தால், அந்தப் போர் எதைப் பற்றியது என்பதை அந்த மேட்டில் நின்று சொல்ல ஒரு சாட்சி குறைந்திருக்கும்.

அப்புறம், காப்பாற்றியது யார்? போர் முடிவதற்கு முன்பே, 1864-இல், உள்ளூர்க்காரர்கள் ஒரு நினைவுச் சங்கம் தொடங்கி நிலம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். லீஸ்டர் வீடு 1888-இல் அந்தச் சங்கத்துக்கு வந்தது. 1893-இல் ஒரு டிராம் கம்பெனி சுற்றுலாப் பயணிகளுக்காகப் போர்க்களத்தின் நடுவே பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து மின் ரயில் பாதை போட்டது. அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தப் போனது. 'போர்க்களத்தைப் பாதுகாப்பது பொது நோக்கமா, அதற்காகத் தனியார் நிலத்தை எடுக்கலாமா?' என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1896-இல், எடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் வரலாற்று இடங்களைக் காப்பதற்குச் சட்டப் பிடிமானம் தந்த ஆரம்பத் தீர்ப்பு அது. அதற்கு முந்தின வருஷம் கெட்டிஸ்பர்க் தேசியப் போர்ப் பூங்கா போர்த் துறையின் கீழ் உருவாகியிருந்தது. 1933-இல் தேசியப் பூங்கா சேவையின் கைக்கு மாறியது. இன்று ஏறக்குறைய 6,000 ஏக்கர்.

இனி இந்தத் துறையின் அடிப்படைக் கருத்துக்கு வரலாம். ஒரு வீடு ஒரே நாளில் நிற்பதில்லை. 1840-இல் கட்டியதை 1870-இல் விரிவாக்கியிருப்பார்கள், 1920-இல் குழாய் வைத்திருப்பார்கள், 1950-இல் மின்சாரம் வந்திருக்கும். அப்படியானால் எந்த வருஷத்து வீட்டைக் காப்பது? இதற்கு 'முக்கியத்துவக் காலம்' என்று ஒன்றை முதலில் தீர்மானிக்கிறார்கள். ஒரு போர்க்களத்தில் அது பெரும்பாலும் போர் நடந்த நாட்கள். பிறகு அமெரிக்க உள்துறை வகுத்த நாலு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருப்பதை இருக்கிறபடி மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது பேணுதல். இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்றபடி, பழைய அடையாளம் போகாமல் மாற்றுவது சீரமைத்தல். பிற்காலச் சேர்க்கைகளை எடுத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட காலத் தோற்றத்துக்குக் கொண்டுபோவது மீட்டமைத்தல். அழிந்துபோனதைப் புதிதாக எழுப்புவது மறுகட்டுமானம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது ஒவ்வொரு முடிவும் யாரோ ஒருவரின் வாழ்க்கையை அழிக்கிற முடிவாகவும் இருக்கும். லீஸ்டர் வீட்டை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிறகு லிடியா உழைத்து, பக்கத்தில் இன்னும் நிலம் வாங்கி, வீட்டோடு மாடிப் பகுதி ஒன்றைச் சேர்த்துக் கட்டினார். அது இன்று அங்கே இல்லை. நாம் பார்ப்பது மீட் உட்கார்ந்திருந்த சின்ன வீடு. வரலாற்றுக்கு அதுதான் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் எலும்பு விற்ற பெண் எழுந்து நின்ற கதை அந்த மாடியில் இருந்தது. அதைப் பலகையில் படிக்கலாம், சுவரில் பார்க்க முடியாது.

கொடோரி பண்ணையில் வேறு மாதிரி முடிவு. நிக்கோலஸ் கொடோரி பிரான்ஸின் அல்சாஸிலிருந்து குடியேறியவர். பிக்கெட் தாக்குதலின்போது படை அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் முன்னேறியது. இன்று அங்கே நிற்கிற சிவப்புக் களஞ்சியம் 1880-களில் கட்டியது. போரைப் பார்த்தது அல்ல. ஆனாலும் இடிக்கவில்லை. களஞ்சியம் இருந்த இடத்தில் ஒரு களஞ்சியம் நின்றால்தான் அந்த நிலப்பரப்பு புரியும், வெறும் தரை அதைவிடப் பெரிய பொய்யாகிவிடும். எனக்கு இந்த முடிவில் முழுச் சம்மதம்.

எல்லாரும் சம்மதிக்காத முடிவுகளும் உண்டு. பிரையன் வீட்டுக்குப் பக்கத்திலேயே 1962-இல், புகழ்பெற்ற நவீனக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த பார்வையாளர் மையம் திறக்கப்பட்டது. அதுவும் தன்னளவில் வரலாற்றுக் கட்டடம்தான் என்று வாதாடியவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். ஆனாலும் 2013-இல் இடித்துவிட்டார்கள். சண்டை உச்சத்தில் நடந்த மேட்டில் அது உட்கார்ந்திருந்தது என்பதே காரணம். 1974-இல் எழுந்த 300 அடிக்கு மேல் உயரமான தனியார் பார்வைக் கோபுரத்தை 2000-ஆம் ஆண்டு ஜூலை 3-இல், போரின் ஆண்டு நாளிலேயே, வெடிவைத்து வீழ்த்தினார்கள். கோபுரம் போனதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. நியூட்ராவின் கட்டடத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வீட்டை மட்டும் காத்தால் போதாது என்பது அடுத்த பாடம். பண்ணைவீடு என்பது வயலோடு சேர்ந்தது. நூறு வருஷத்தில் உழாத நிலத்தில் காடு மண்டிவிட்டது. ஒரு தளபதி ஒரு மேட்டிலிருந்து எதைப் பார்த்து ஆணையிட்டார் என்று அங்கே நின்று பார்த்தால் மரம்தான் தெரிந்தது. அதனால் பூங்கா சேவை நூற்றுக்கணக்கான ஏக்கர் பிற்காலக் காட்டை அகற்றியிருக்கிறது, தோப்புகளைத் திரும்ப நட்டிருக்கிறது. ஷெர்ஃபியின் பீச் தோப்பும் அப்படி மீண்டது. போரில் அவர் களஞ்சியம் காயம்பட்டவர்கள் உள்ளே கிடக்கும்போதே எரிந்துபோனது. செங்கல் வீடு தப்பியது. துப்பாக்கிக் குண்டின் தடங்கள் சுவரில் இன்னும் இருக்கின்றன. அந்தக் குடும்பம் திரும்பி வந்து, அதே தோப்பின் பீச் பழங்களைப் போர்க்களம் பார்க்க வந்தவர்களுக்கு விற்றுப் பிழைத்தது. பல வயல்களை இன்றும் உள்ளூர் விவசாயிகள் அனுமதி பெற்று உழுகிறார்கள். ஆணியும் தூணும் இல்லாமல், மரக்கட்டைகளைக் கோணல்மாணலாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் போடும் 'புழு வேலி'யையும் திரும்பப் போட்டிருக்கிறார்கள். வேலியில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எம்மிட்ஸ்பர்க் சாலையின் இரு பக்கமும் இருந்த உறுதியான வேலிகளை ஏறிக் குதிக்க நேரமானதால்தான் பிக்கெட் தாக்குதலில் பலர் அங்கேயே விழுந்தார்கள். வேலி இல்லாவிட்டால் அந்தச் சாவு புரியாது.

ஸ்பாங்ளர் பண்ணையை அரசு வாங்கவில்லை. 2008-இல் ஓர் அறக்கட்டளை வாங்கி மீட்டமைத்தது. 1863-இல் ஒன்றியப் படையின் 11-ஆம் பிரிவு அதை மருத்துவமனையாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்கள் களஞ்சியத்திலும் முற்றத்திலும் கிடக்க, ஜார்ஜ், எலிசபெத் தம்பதியும் நாலு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே ஒரே ஓர் அறைக்குள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், கோடையில் வெப்பம் வீட்டுக்குள் ஏறாமல் இருக்கத் தனியாகக் கட்டிய சமையலறை ஒன்று உண்டு. பிக்கெட் தாக்குதலில் ஒன்றியப் படையின் சுவரைத் தாண்டிக் குதித்த தென் படைத் தளபதி லூயிஸ் ஆர்மிஸ்டெட், ஜூலை 5-இல் அங்கேதான் உயிர்விட்டார்.

கடைசியாக, இல்லாத ஒரு பண்ணை. இரண்டு படைகளின் வரிசைகளுக்கும் நடுவே, நியூயார்க்கிலிருந்து வந்து குடியேறிய வில்லியம், அடலைனா பிளிஸ் தம்பதியின் வீடும் பெரிய களஞ்சியமும் இருந்தன. ஜூலை 2-உம் 3-உம் அந்தக் களஞ்சியம் திரும்பத் திரும்பக் கைமாறியது. ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விரட்டும். இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று ஒன்றியப் படைத்தலைவர் ஒருவர் ஆணையிட, ஜூலை 3 காலையில் கனெக்டிகட் வீரர்கள் வீட்டையும் களஞ்சியத்தையும் கொளுத்தினார்கள். பிளிஸ் தம்பதிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. நிலத்தைக் கொடோரிக்கு விற்றுவிட்டு நியூயார்க்குக்கே திரும்பிப் போனார்கள்.

அந்தக் கட்டடங்களை யாரும் மறுபடி எழுப்பவில்லை. மறுகட்டுமானம் என்ற நாலாவது வழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே எரிந்துபோனதுதான் நடந்தது. புது மரத்தில் ஒரு களஞ்சியம் கட்டி வைத்தால், இந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வயலுக்குள் நடந்துபோனால், புல் மூடிய ஒரு சின்ன மண்மேடு இருக்கிறது. வண்டிகள் மேல்தளத்துக்கு ஏறுவதற்காக அவர்கள் கொட்டிவைத்த சரிவுப் பாதை அது.